குழிக்கு வெளியேதான் பாதி வேலை: பொருநைக் கரையில் ஒரு தொல்லியல் பேராசிரியர் என்ன செய்கிறார்?

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

உவரின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கப்பல் மாதா கோயில், அந்தோணியார் கோயில், சுயம்புலிங்க சுவாமி கோயில், அப்புறம் கடல். ஊர் பேரே கடல்தான். உவர்னா உப்பு, பழைய நிகண்டுகள்ல உவரிங்கிற சொல்லுக்குக் கடல்னே பொருள் இருக்கு.

அந்த ஊர்லேர்ந்து கொஞ்சம் உள்ளே வந்தா நிலத்தோட நிறமே மாறிடும். செக்கச் செவேல்னு மணல், பனைமரம், உடைமரம். அதைத் தேரின்னு சொல்வாங்க. சுற்றுலாப் பயணி அங்கே ஒரு செல்ஃபி எடுத்துட்டுப் போயிடுவார். ஆனா ஒரு வகை ஆள் மட்டும் தலையைக் குனிஞ்சு தரையைப் பார்த்துக்கிட்டே நடப்பார். நகம் அளவுக்கு ஒரு கல்லை எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், எங்கே கிடைச்சதுன்னு நோட்டுல எழுதுவார்.

அந்த ஆளைப் பற்றித்தான் இன்னைக்குப் பேசப்போறோம். ஒரு வட்டாரத்துப் பல்கலைக்கழகத்துல வேலை பார்க்கிற தொல்லியல் ஆய்வாளர் வருஷம் முழுக்க என்ன செய்றார்? "3000 வருஷத்துக்கு முந்தைய பானை கிடைச்சது"ன்னு டிவியில ஓடுற அந்த ஒரு வரிக்குப் பின்னாடி எத்தனை வேலை இருக்கு? அந்த வேலையில எது நின்னா எல்லாமே வீணாகும்?

இந்த வட்டாரத்துக்கு என்ன விசேஷம்?

தாமிரபரணி பொதிகையில பிறந்து புன்னக்காயல் பக்கம் கடல்ல சேருது. சுமார் 130 கிலோமீட்டர்தான். பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. இந்தச் சின்ன ஆத்தோட கீழ்ப்பகுதியில ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைன்னு மூணு பெரிய தொல்லியல் இடங்கள் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. 1986ல தூத்துக்குடி தனி மாவட்டமாப் பிரிஞ்சதால இந்த மூணும் இப்போ அந்த மாவட்டத்துல வருது. ஆனா ஆய்வாளருக்கு மாவட்ட எல்லை முக்கியமில்ல. ஆத்துப் படுகை முழுக்க ஒரே களம்.

இங்கே முதன்முதலா மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள்ல ஒருத்தர் யாருன்னு தெரியுமா? கால்டுவெல். ஆமா, திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தை 1856ல வெளியிட்ட அதே கால்டுவெல். அவர் வாழ்ந்த இடையன்குடி, உவரிக்குப் பக்கத்து ஊர். 1841லேர்ந்து அங்கே இருந்தார். கொற்கையிலும் காயலிலும் அவர் செஞ்ச ஆய்வு பற்றின கட்டுரை 1877ல வந்துது.

அவர் கவனிச்ச விஷயம் இன்னைக்கும் இங்கே வேலை செய்றவங்களுக்கு அடிப்படைப் பாடம். கிரேக்க, ரோமானிய எழுத்துகள்ல முத்துக்குப் பேர்போன துறைமுகமா வர்ற கொற்கை, இன்னைக்குக் கடல்லேர்ந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவுல ஒரு கிராமம். ஏன்? ஆறு கொண்டுவந்து கொட்டின வண்டல், கடலைத் தள்ளிக்கிட்டே போச்சு. கொற்கை கைவிடப்பட்டு, அதுக்குக் கீழே காயல் துறைமுகமாச்சு. மார்க்கோ போலோ சொல்ற காயல் அதுதான்னு கால்டுவெல் கண்டார். பிறகு அதுவும் தூர்ந்து போச்சு. துறைமுகம் தூத்துக்குடிக்குப் போச்சு.

அப்படின்னா இங்கே ஒரு ஊரோட வரலாற்றைத் தேடணும்னா, முதல்ல "அந்தக் காலத்துல கடல் எங்கே இருந்தது, ஆறு எந்தப் பக்கம் ஓடுச்சு?"ன்னு கேட்கணும். வரைபடத்தை வெச்சு மட்டும் இதுக்குப் பதில் சொல்ல முடியாது. வருஷக்கணக்கா அதே மண்ணுல நடந்தவங்களுக்குத்தான் பிடிபடும்.

அரசுத் துறை வேற, பல்கலைக்கழகம் வேற

தொல்லியல்னதும் எல்லாருமே ஒரே ஆபீஸ்ல இருக்காங்கன்னு நினைச்சுக்கிறோம். அப்படி இல்ல. மூணு வகையா இருக்காங்க.

ஒண்ணு, மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறை. 1861ல தொடங்கினது. பெரிய கோயில்கள், கோட்டைகள் பராமரிப்பு, அகழாய்வு, அதோட மத்தவங்க தோண்ட அனுமதி கொடுக்கிறதும் இவங்கதான். ரெண்டு, தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை. கீழடியில இப்போ தொடர்ந்து நடக்கிற அகழாய்வு, சிவகளை, கொற்கை, துலுக்கர்பட்டி எல்லாம் இவங்க செஞ்சது. மூணாவது, பல்கலைக்கழகங்கள்.

முதல் ரெண்டு வகையிலும் ஆய்வாளர் ஒரு அரசு அலுவலர். இடமாற்றம் உண்டு. கீழடியில முதல் ரெண்டு கட்டம் நடத்தின அமர்நாத் ராமகிருஷ்ணா 2017ல அசாமுக்கு மாற்றப்பட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பல்கலைக்கழக ஆசிரியருக்கு அந்த மாதிரி இடமாற்றம் பொதுவா இல்ல. ஒரே ஊர்ல இருபது, முப்பது வருஷம் இருப்பார். அதுதான் அவரோட பலம். ஒரு கண்மாய் தூர்வாரும்போது ஓடு வந்துதா, எந்த மேட்டை யார் பிளாட் போடப் போறாங்க, எந்த ஊர் தாத்தாவுக்குப் பழைய பாதை தெரியும், இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

பலவீனமும் இருக்கு. பெரிய பட்ஜெட் கிடையாது. தினமும் வகுப்பு எடுக்கணும், விடைத்தாள் திருத்தணும், ஆராய்ச்சி மாணவர்களைப் பார்க்கணும். அதுக்கு நடுவுலதான் களம்.

இதுக்கு நல்ல உதாரணம் பேராசிரியர் கா. ராஜன். முதல்ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம், பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகம். கொங்குப் பகுதியிலயும் பழனி மலையடிவாரத்திலயும் வருஷக்கணக்கா நடந்தார். பொருந்தல்ல அவர் தோண்டின ஒரு ஈமச்சின்னத்துல ஒரு ஜாடி நிறைய நெல் கிடைச்சது. அதுல ரெண்டு கிலோன்னு சொல்ற அளவு நெல் இருந்தது. காலக்கணிப்பு கி.மு. 490ன்னு வந்துது. அதே குழியில தமிழி எழுத்து பொறிச்ச பிரிமனையும் கிடைச்சதால, தமிழ் எழுத்தோட வயசு பற்றின விவாதமே அங்கேர்ந்து சூடு பிடிச்சது. பல வருஷ நடைக்குக் கிடைச்ச பலன் அது.

நம்ம நெல்லையிலயும் அபிஷேகப்பட்டியில இருக்கிற மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துல இப்போ தொல்லியல் துறை இருக்கு. 1990ல தொடங்கின பல்கலைக்கழகம் அது. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் பெ. சுந்தரம் பிள்ளையைத் தமிழ்த்தாய் வாழ்த்து எழுதினவரா எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் திருவிதாங்கூர் பகுதியில கல்வெட்டுகளைத் தேடிப் படிச்சு, அதை வெச்சு அந்த நாட்டு மன்னர்களோட வரிசையை ஒழுங்குபடுத்தினவரும்கூட. திருவனந்தபுரத்துல அவர் வேலை தத்துவம் சொல்லிக்கொடுக்கிறது. கல்வெட்டைத் தேடி அலைஞ்சது அதுக்கு மேல.

முதல் வேலை: நடக்கிறது

தொல்லியல்னா கடப்பாரை, மண்வெட்டின்னு நினைக்கிறோம். நிஜத்துல முதல் கருவி செருப்பு. இதை மேற்பரப்பு ஆய்வுன்னு சொல்வாங்க. உழுத வயல், கண்மாய்க் கரை, ஆத்து அரிப்பு, கிணறு வெட்டிப் போட்ட மண் எல்லாத்தையும் நடந்து பார்க்கிறது. மழை பெய்ஞ்ச அடுத்த வாரம் போனா நல்லது. மண் கழுவப்பட்டு ஓடுகள் மேலே தெரியும்.

ஊர்ப் பேர்களையும் இடப் பேர்களையும் கேட்கிறதும் இதுல ஒரு பகுதி. நெல்லைச் சீமையில "பரும்பு"ன்னு சொன்னா ஆய்வாளர் காது நிமிரும். விவசாயம் செய்ய முடியாத மேட்டு நிலம். பல இடங்கள்ல அதுக்கு அடியில முதுமக்கள் தாழிகள் இருக்கும். ஆதிச்சநல்லூர்லயும் சிவகளையிலயும் தாழிக்காடு இருக்கிற இடம் பரும்புதான். "திரடு"ன்னா கொஞ்சம் உயர்ந்த திட்டு, ஜனங்க குடியிருந்த தடயம் அங்கே இருக்கலாம். சிவகளையில வாழ்விடப் பகுதியாத் தோண்டின ஒரு இடத்துக்குப் பேரே வளப்பலான்பிள்ளை திரடு.

செத்தவங்களைப் புதைச்ச இடம் ஒண்ணு, உயிரோட இருந்தவங்க வாழ்ந்த இடம் இன்னொண்ணு. ரெண்டையும் ஜோடியாத் தேடிப் பிடிக்கணும். தாழி மட்டும் கிடைச்சா அவங்க எப்படிப் புதைச்சாங்கன்னு தெரியும்; எப்படிப் பிழைச்சாங்கன்னு தெரியாது.

உவரியைச் சுத்தி இருக்கிற தேரி இன்னும் பழைய கதை. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் மாதிரியான தேரி இடங்கள்ல நுண்கற்கருவிகள் கிடைக்கும். சின்னச் சின்னக் கல் சில்லுகள், அம்பு முனையாவோ, மரப்பிடியில பதிச்ச வெட்டும் கருவியாவோ பயன்பட்டிருக்கும். சாய்னர், ஆல்சின்னு ரெண்டு பேர் 1956ல இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினாங்க. மணல்மேடு எப்போ உருவாச்சு, கடல்மட்டம் எப்போ எவ்வளவு இருந்தது அப்படிங்கிறதை வெச்சுத்தான் அந்தக் கருவிகளோட காலத்தை அவங்க கணிக்கப் பார்த்தாங்க. மண்ணும் கடலும்தான் அவங்களுக்குக் கடிகாரம்.

இன்னொரு உண்மையையும் சொல்லணும். பல பெரிய இடங்களை முதல்ல கவனிச்சது பேராசிரியர்கள் இல்ல. சிவகளைப் பரும்பை வெளியுலகத்துக்குக் காட்டினது உள்ளூர்ப் பள்ளியில வரலாறு சொல்லிக்கொடுத்த ஆசிரியர். கீழடியிலயும் ஒரு பள்ளி ஆசிரியர்தான் தொடக்கம். அதனால வட்டார ஆய்வாளரோட முக்கியமான சொத்து, அவர் போன்ல இருக்கிற நம்பர்கள்: பள்ளி வாத்தியார், ஆடு மேய்க்கிறவர், ஜேசிபி ஓட்டுறவர், கிராம நிர்வாக அலுவலர்.

ரெண்டாவது வேலை: பேப்பர்

இடம் கிடைச்சாச்சு. நாளைக்கே தோண்டலாமா? முடியாது.

1958ஆம் வருஷத்துத் தொல்லியல் சட்டப்படி, இந்தியாவுல யார் அகழாய்வு செய்யணும்னாலும் மத்திய தொல்லியல் துறையோட அனுமதி வேணும். மாநில அரசுக்கும் அதே விதி, பல்கலைக்கழகத்துக்கும் அதே விதி. எந்த சர்வே நம்பர், ஏன் அந்த இடம், என்ன கேள்விக்குப் பதில் தேடுறீங்க, யார் யார் குழுவுல, பணம் எங்கேர்ந்து வருது, கிடைக்கிற பொருளை எங்கே வைப்பீங்க எல்லாத்தையும் எழுதி விண்ணப்பிக்கணும். தில்லியில ஒரு குழு அதைப் பரிசீலிக்கும். அனுமதி ஒரு களப் பருவத்துக்குத்தான். அடுத்த வருஷம் தொடரணும்னா மறுபடி கேட்கணும்.

நிலம் யாரோடது அப்படிங்கிறது அடுத்த தலைவலி. பட்டா நிலம்னா உரிமையாளர் சம்மதிக்கணும். "தோண்டினா அரசாங்கம் நிலத்தை எடுத்துக்குமா தம்பி?"ன்னு கேட்பாங்க. நியாயமான பயம். வாழை போட்டிருந்தா தார் வெட்டுற வரைக்கும் காத்திருக்கணும். நெல்லு நிற்கிறப்போ வரப்புல காலே வைக்க முடியாது. இதைப் பொறுமையா உட்கார்ந்து பேசுற திறமை எந்தப் பாடத்திட்டத்துலயும் இல்ல, ஆனா இது இல்லாம ஒரு குழிகூடப் போட முடியாது.

மூணாவது வேலை: குழி

இப்போதான் குழிக்கே வர்றோம்.

தரையில சதுரம் சதுரமாக் கயிறு கட்டுவாங்க. பொதுவா 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதை நாலாப் பிரிப்பாங்க. சதுரங்களுக்கு நடுவுல வெட்டாம ஒரு மண்சுவரை விட்டுவைப்பாங்க. நடக்கிறதுக்கு வழின்னு தோணும், ஆனா அதுக்கு முக்கியமான காரணம் வேற. அந்தச் சுவரோட பக்கவாட்டுலதான் மண்ணடுக்குகள் கேக்கை வெட்டின மாதிரி தெரியும். மேலே உழவு மண், கீழே சாம்பல் கலந்த அடுக்கு, அதுக்குக் கீழே களிமண் தரை, கடைசியா மனுஷன் கால் படாத கன்னிமண். கீழே இருக்கிறது பழசு, மேலே இருக்கிறது புதுசு. இதுதான் இந்தத் துறையோட முதல் விதி. 1945ல அரிக்கமேட்டுல மார்ட்டிமர் வீலர் இந்த முறையில தோண்டினது தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு திருப்புமுனை.

ஒரு மணி கிடைச்சா அதை உடனே பையில போட மாட்டாங்க. இந்த மூலையிலேர்ந்து நீளத்துல எவ்வளவு, அகலத்துல எவ்வளவு, ஆழத்துல எவ்வளவுன்னு மூணு அளவு எடுப்பாங்க. போட்டோ, வரைபடம், பதிவேட்டுல எண். அதுக்கப்புறம்தான் பை. ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு குழியை ரெண்டாவது தடவை தோண்ட முடியாது. ஒரு புத்தகத்தைப் படிக்கப் படிக்கப் பக்கங்களைக் கிழிச்சுப் போடணும்னு விதி இருந்தா எப்படிப் படிப்பீங்க? வரிவரியாக் குறிப்பு எடுத்துக்கிட்டுத்தானே படிப்பீங்க? அதேதான் இங்கேயும்.

உண்மையில மண்ணைச் சுரண்டுறது பெரும்பாலும் உள்ளூர் ஆட்கள், அதுலயும் பெண்கள் நிறைய. தட்டுக் கரண்டியில மண்ணோட இறுக்கம் மாறுறதை முதல்ல உணர்றது அவங்க கைதான். "சார், இங்கே மண்ணு வேற மாதிரி இருக்கு"ன்னு ஒரு குரல் வந்தா, நல்ல ஆய்வாளர் எந்த வேலையில இருந்தாலும் எழுந்து போவார்.

சாயங்காலம் ஆனா ஓடு கழுவுறது. ஆயிரக்கணக்குல வரும். கருப்பு-சிவப்பு ஓடு, சிவப்பு ஓடு, கீறல் குறியீடு இருக்கிறது, எழுத்து இருக்கிறதுன்னு பிரிக்கணும். நம்பியாற்றங்கரையில இருக்கிற துலுக்கர்பட்டியில 2022ல தொடங்கின அகழாய்வுல "புலி"ன்னு தமிழியில எழுதின ஒரு ஓடு கிடைச்சது. செய்தியில வந்தது அந்த ஒரு ஓடு. அதுக்காகக் கழுவிப் பார்த்த மத்த ஓடுகள் எத்தனைன்னு நினைச்சுப் பாருங்க.

தேதி எப்படி வருது?

இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. ஏன்னா வாட்ஸ்அப் சண்டை எல்லாம் இங்கேதான் தொடங்குது.

கார்பன்-14 முறை: உயிரோட இருந்த எந்தப் பொருளும் - நெல், கரி, எலும்பு - செத்த நாள்லேர்ந்து அதுக்குள்ள இருக்கிற கார்பன்-14 குறைஞ்சுக்கிட்டே வரும். சுமார் 5730 வருஷத்துல பாதியாகும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு அளந்தா வயசு தெரியும். இப்போ இருக்கிற ஏ.எம்.எஸ். முறைக்கு ஒரு நெல்மணி அளவு இருந்தாக்கூடப் போதும்.

இன்னொரு முறை, ஒளி வெச்சு அளக்கிறது. மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் துகள் கடைசியா எப்போ வெளிச்சத்தைப் பார்த்ததுன்னு கண்டுபிடிக்கலாம். அதனால மாதிரி எடுக்கிறப்போ ஒரு இரும்புக் குழாயை மண்ணடுக்குக்குள்ள அடிச்சு, வெளிச்சமே படாம மூடி அனுப்பணும். ஒரு கீற்று வெயில் பட்டாலும் அந்தத் துகளோட கடிகாரம் மறுபடி பூஜ்யத்துலேர்ந்து ஓட ஆரம்பிச்சிடும்.

இப்போ சிவகளைக்கு வருவோம். அங்கே ஒரு தாழிக்குள்ள கிடைச்ச நெல் உமியை அமெரிக்காவுல இருக்கிற பீட்டா அனாலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பினாங்க. கி.மு. 1155ன்னு பதில் வந்துது. 2021 செப்டம்பர்ல முதலமைச்சர் சட்டமன்றத்துல இதை அறிவிச்சார். பொருநை நாகரிகம் 3200 வருஷம் பழசுன்னு பேச்சாச்சு.

பிறகு 2025 ஜனவரி 23ல, இரும்பின் தொன்மை பற்றி கா. ராஜனும் மாநிலத் தொல்லியல் துறையின் ரா. சிவானந்தமும் எழுதின அறிக்கை வெளியாச்சு. அதுல சிவகளையில இரும்போட சேர்ந்து கிடைச்ச கரியோட காலம் கி.மு. 3345 வரைக்கும் போகுதுன்னு இருந்தது. தமிழ்நாட்டுல இரும்பு 5300 வருஷம் பழசுன்னு தலைப்புச் செய்தி.

ஒரே ஊர். ரெண்டு தேதி. நடுவுல 2000 வருஷத்துக்கும் மேல. எது சரி? ரெண்டுமே சரியா இருக்கலாம், ஏன்னா ரெண்டும் வேற வேற பொருளோட தேதி. ஒரு ஈமக்காட்டை ஜனங்க தலைமுறை தலைமுறையாப் பயன்படுத்துவாங்க. ஆனா இங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: அளந்தது கரியை, இரும்பை இல்ல. அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒரே நாள்ல அந்தத் தாழிக்குள்ள போச்சா? பழைய மரத்தோட கரியா இருந்தா? மண் கலந்திருந்தா? அதனாலதான் பல மாதிரிகளை, வேற வேற ஆய்வகங்களுக்கு, வேற வேற முறையில அனுப்பினாங்க. அதனாலதான் மத்த அறிஞர்களும் இன்னும் ஆதாரம் வேணும்னு கேட்கிறாங்க.

அப்படிக் கேட்கிறவங்க தமிழுக்கு எதிரி இல்ல. அறிக்கை எழுதினவங்க கதை விடுறவங்களும் இல்ல. இது இந்தத் தொழிலோட இயல்பு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவுறது எது தெரியுமா? அந்தத் தாழியைத் திறந்த அன்னைக்கு எழுதின அந்த மூணு அளவு, அந்தப் போட்டோ, அந்த மண்சுவரோட வரைபடம். குறிப்பு சரியா இருந்தா விவாதம் முன்னேறும். இல்லேன்னா கத்தல் மட்டும்தான் மிஞ்சும்.

எல்லாத்தையும் விட முக்கியமானது: அறிக்கை

ஒரு அகழாய்வு எப்போ முடியுது? குழியை மூடும்போது இல்ல. அறிக்கை வெளிவரும்போது. அது வராத வரைக்கும் அந்த இடம் அழிஞ்சதுதான், அழிச்சது நாமதான்.

ஆதிச்சநல்லூர் இதுக்குப் பெரிய சாட்சி. 1876ல பெர்லின்லேர்ந்து வந்த ஜாகோர் அங்கே தோண்டினார். எடுத்த பொருள்கள் ஜெர்மனிக்குப் போச்சு. 1899லேர்ந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தாழிகள், இரும்பு ஆயுதங்கள், அழகான வெண்கலப் பாத்திரங்கள், தங்க நெற்றிப்பட்டங்கள். அவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துல இருக்கு. அவர் தயாரிச்ச பட்டியல் 1915ல அச்சாச்சு. இன்னைக்கும் நாம அந்தப் பொருள்களைப் பற்றிப் பேச முடியுதுன்னா அந்தப் பட்டியல் இருக்கிறதாலதான்.

அதுக்கப்புறம் சுமார் நூறு வருஷம் கழிச்சு, 2004ல சத்தியமூர்த்தி தலைமையில மத்திய தொல்லியல் துறை தோண்டினது. 150க்கும் மேற்பட்ட தாழிகள். ஊரே கூடிப் பார்த்தது. பிறகு? முழு அறிக்கை வரப் பதினைந்து வருஷத்துக்கும் மேல ஆச்சு. மதுரை உயர்நீதிமன்றக் கிளையில வழக்குப் போட்டுக் கேட்கவேண்டியிருந்தது. இந்த இடைவெளியில ஒரு தலைமுறை மாணவர்கள் படிச்சு முடிச்சுட்டாங்க. அவங்க கையில இருந்தது பத்திரிகைத் துணுக்கும் வதந்தியும்தான். "லட்சம் வருஷத்து நாகரிகம்"ன்னு யூடியூப்ல யாரும் பேசலாம்ங்கிற நிலை எப்படி வந்துதுன்னு கேட்டா, அதுக்கு ஒரு காரணம் இந்த வெற்றிடம்.

நல்ல சேதியும் இருக்கு. 2021 அக்டோபர்ல அங்கே மறுபடி அகழாய்வு தொடங்கினாங்க. 2023 ஆகஸ்ட்ல, தோண்டின குழியைக் கண்ணாடித் தளம் வழியாப் பார்க்கிற மாதிரி அங்கேயே ஒரு காட்சிக்கூடம் திறந்தாங்க. தாழி இருந்த இடத்துலயே தாழியைப் பார்க்கலாம். நெல்லையிலேர்ந்து திருச்செந்தூர் போற வழிதான். நேரம் இருந்தா இறங்கிப் பாருங்க.

ஏன் அறிக்கை தாமதமாகுது? சோம்பல்னு ஒரே வார்த்தையில முடிச்சிட முடியாது. தோண்டுறதுக்குப் பணம் கிடைக்கும், ஏன்னா அதுல போட்டோ வரும், திறப்பு விழா வரும். ஓடு வரையிறதுக்கு, எலும்பு ஆய்வுக்கு, மகரந்தத் துகள் ஆய்வுக்கு, அச்சிடுறதுக்குப் பணம் கேட்டா கிடைக்கிறது கஷ்டம். அலுவலர் இடமாற்றம் ஆவார், ஓய்வு பெறுவார். வரைஞ்ச ஆள் போயிடுவார். இங்கேதான் ஒரே இடத்துல வேரூன்றின பல்கலைக்கழகத் துறைக்கு அர்த்தம் இருக்கு. இந்த வருஷ மாணவர் ஓடு வரைவார், அடுத்த வருஷ மாணவர் மணிகளை எடுத்துக்குவார், ஆய்வு மாணவர் ஒருத்தர் எல்லாத்தையும் சேர்த்துப் பட்டம் வாங்குவார்.

இந்த வேலைக்குப் போகணும்னா?

நிறைய பேர் கேட்கிற கேள்வி. இளங்கலையில வரலாறுதான் படிச்சிருக்கணும்னு இல்ல. வேதியியல், நிலவியல், தாவரவியல் படிச்சவங்களுக்கும் இங்கே பெரிய தேவை இருக்கு. நெல்மணியைப் பார்த்து அது காட்டு நெல்லா, விதைச்ச நெல்லான்னு சொல்ல ஒரு தாவரவியல் ஆள்தான் வேணும். முதுகலையில தொல்லியல் படிக்கலாம். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை சென்னையில ரெண்டு வருஷப் பட்டயப் படிப்பு உதவித்தொகையோட நடத்துது. அதுல கல்வெட்டுப் படிப்பும் சேர்ந்தே வரும். மத்திய துறையோட பட்டயப் படிப்பு கிரேட்டர் நொய்டாவுல இருக்கு. 2020ல அதுக்கான தகுதி மொழிப் பட்டியல்ல தமிழ் இல்லாம அறிவிப்பு வந்து, எதிர்ப்புக்குப் பிறகு சேர்த்தாங்க. பல்கலைக்கழக ஆசிரியர் ஆகணும்னா முனைவர் பட்டமோ, நெட் அல்லது செட் தேர்வோ வேணும்.

ஒண்ணு மட்டும் மறைக்காமச் சொல்றேன். நிரந்தர வேலை குறைவு. தொகுப்பூதியத்துல வருஷக்கணக்கா இருக்கிறவங்க நிறைய. வெயில்ல நிற்கணும், இரவுல உட்கார்ந்து அட்டவணை போடணும். தங்கம் கிடைக்கும்னு வந்தா ஏமாந்து போவீங்க. பத்து நாள் உடைஞ்ச ஓட்டைப் பார்த்தும் பதினொண்ணாவது நாள் ஆர்வம் குறையலேன்னா, இது உங்க துறை.

நாம என்ன செய்யலாம்?

தொல்லியல் இடங்களுக்கு இன்னைக்குப் பெரிய ஆபத்து வெள்ளமோ புயலோ இல்ல. ஜேசிபி. சரள் மண்ணுக்காகப் பரும்பை வெட்டுறது, வண்டலுக்காகக் கண்மாயை அள்ளுறது, பிளாட் போட மேட்டைச் சமன் பண்றது. உவரி இருக்கிற இந்தக் கடற்கரையிலயே கார்னெட், இல்மனைட்டுக்காகத் தாது மணல் எடுத்தாங்க. 2013ல மாநில அரசு தடை போட்டது. தேரியில கிடைக்கிற நுண்கற்கருவிக்கு முகவரியே அது கிடந்த மணல்தான். மணல் லாரியில ஏறிட்டா, கல் கையில இருந்தாலும் கதை போயிடும்.

அதனால மூணு விஷயம். ஒண்ணு, எங்கேயாவது பழைய ஓடு, தாழி வாய், எழுத்து இருக்கிற கல் பார்த்தா எடுக்காதீங்க, தோண்டாதீங்க. பக்கத்துல ஒரு பேனாவை வெச்சு, அளவு தெரியுற மாதிரி போட்டோ எடுங்க, இடத்தை மேப்ல குறிச்சுக்கோங்க. ரெண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கோ, மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ, பக்கத்துப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறைக்கோ சொல்லுங்க. புதையல் சட்டம்னு ஒண்ணு 1878லேர்ந்தே இருக்கு: மண்ணுக்குள்ள கிடைச்ச மதிப்புள்ள பொருளைப் பற்றிக் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். அந்தச் சட்டத்துல போட்டிருக்கிற மதிப்பு வெறும் பத்து ரூபா. மூணு, அடுத்த தடவை "உலகத்துலேயே பழசு"ன்னு ஒரு ஃபார்வர்டு வந்தா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்தப் பொருளோட தேதி இது, அறிக்கை வந்தாச்சா?"

நெல்லையிலயோ தூத்துக்குடியிலயோ ஊர் இருக்கிறவங்க, லீவுக்குப் போறப்போ உங்க ஆச்சிகிட்ட ஒண்ணு கேட்டுப் பாருங்க: "நம்ம ஊர்ல பரும்பு, திரடு, ஓட்டுமேடுன்னு ஏதாவது இடம் இருக்கா?" பதில் வந்தா அந்தப் பேரை அப்படியே எழுதி வெச்சுக்கோங்க. அந்த இடத்துல பிளாட் விழுந்த பிறகு, அந்தப் பேரைச் சொல்ல ஆள் இருக்க மாட்டாங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.